கேஸ் டிடெக்டரோடு மூன்று வருடம்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடு. கேஸ் கசிந்தால் கத்தி எச்சரிக்கும் டிடெக்டரைச் சமையலறையில் மாட்டி மூன்று வருடம் முடிந்துவிட்டது. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படரும். அதனால் சிலிண்டர் பக்கத்தில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டினோம்.

முதல் வருடம் அது கத்தாத வாரமே கிடையாது. கொசு மருந்து அடித்தால் கத்தும், சானிடைசர் கொட்டினால் கத்தும். ஒருநாள் புளித்துப் பொங்கிய தோசை மாவுக்கும் கத்தியது. உள்ளே இருப்பது சூடேறி வேலை செய்யும் டின் ஆக்ஸைடு சென்சார். ஆல்கஹால் ஆவியையும் கேஸையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. மழைக்கால ஈரக்காற்றும் அதைக் குழப்பும். போதாததற்கு, வெடிக்கும் அளவை கேஸ் எட்டுவதற்கு வெகு முன்பே கத்தும்படிதான் செய்திருக்கிறார்கள். நான் அதைக் குறையாக நினைக்கவில்லை.

சத்தம்கூடப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் ஆபத்து. ஆறாவது மாதத்தில் அத்தை, "சும்மா சும்மா கத்துதுப்பா" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் சொருக ஆரம்பித்தார். நிஜமாகவே கேஸ் கசிந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கும்போது வரும் சின்னப் பொறியே போதும்.

அவரிடம் 2012 ஏப்ரல் 11-ஐப் பற்றிப் பேசினேன். சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை வந்தது. பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். கடல்தரை பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழும்பவில்லை. ஆனால் வீணாக ஓடவிட்டார்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. 2004-ஐக் கண்ணால் பார்த்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மிக்ஸியைக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். கத்தினால் எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் காரணம் தேடுவோம். வாடை போகாவிட்டால் வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்ய வேண்டும், இதுவரை தேவைப்படவில்லை.

போன மார்கழியில் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. அத்தைக்குச் சளி, வாடையே தெரியவில்லை. டிடெக்டர் கத்தியதும் அவரே ரெகுலேட்டரை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கரண்ட் போய் வந்தால் சென்சார் சூடேறச் சில நிமிடம் பிடிக்கும், அதுவரை அதை நம்ப வேண்டாம். மாவுப் பாத்திரத்தைத் தள்ளி வையுங்கள். முக்கியமாக, வேறு எதையும் சொருக முடியாத தனி பிளக் பாயிண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.