ஒரு சனிக்கிழமை, ஆறு பேருக்கு ஒரு புரோப்

மயக்கவியலில் இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர் நான். நரம்பை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்து, அதைச் சுற்றி மருந்து செலுத்திக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யக் கற்றுத்தரும் ஒருநாள் பயிலரங்குக்குப் போன மாதம் போயிருந்தேன். கட்டணம் 480 வெள்ளி. பாதியைத் துறை கொடுத்தது, மீதி என் கைக்காசு. நடத்தியவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. சிங்கப்பூர் சின்ன ஊர். நாளை அவர்கள் முன்னாலேயே தேர்வுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

முதல் 40 நிமிடம் வரலாறு. 1978இல் இரத்த ஓட்டத்தைக் காதுக்குக் கேட்கவைக்கும் டாப்ளர் ஒலியை வைத்துத் தமனியைத் தேடி, அதன் பக்கத்தில் ஊசி போட்டார்கள். 1994இல் வியன்னா மருத்துவர்கள் நரம்புக் கற்றையையே திரையில் பார்த்துச் செய்தார்கள். சுவையான கதைதான். ஆனால் அதை வீட்டிலேயே படித்துக்கொள்வேன். வீட்டில் இல்லாதது புரோப், அதாவது தோலில் வைத்து நகர்த்தினால் திரையில் படம் காட்டும் அல்ட்ராசவுண்ட் கைக்கருவி.

அந்தப் புரோப்தான் ஆறு பேருக்கு ஒன்று. ஒவ்வொரு மேசையிலும் 20 நிமிடம். ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். முந்திக்கொள்ளத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் அதுவும் இல்லை. எங்கள் குழுவில் இருந்தார்.

முதல் மேசையில் படுத்திருந்தவர் உடற்பயிற்சி செய்து முறுக்கேறிய இளைஞர். கழுத்தில் புரோப்பை வைத்ததுமே இரண்டு தசைகளுக்கு நடுவே மூன்று கருவட்டங்களாக நரம்புகள், போக்குவரத்து விளக்கைப் போல ஒன்றன்கீழ் ஒன்று. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அறுவை அறைக்கு இப்படிப்பட்ட கழுத்தோடு என்னிடம் யாரும் வந்ததில்லை.

மூன்றாம் மேசைதான் கொடுத்த காசுக்கு ஈடு. அங்கே படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், எழுபதைத் தாண்டிய தமிழர். குட்டைக் கழுத்து. நான் தேடுகிறேன், தேடுகிறேன், திரை முழுக்கச் சாம்பல் பனிதான்.

“என்னம்மா, எனக்கு நரம்பே இல்லையா?” என்றார்.

“இருக்கிறது ஐயா, எனக்குத்தான் அகப்படவில்லை.”

பயிற்றுநர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, புரோப்பைக் காறை எலும்புக்கு மேலே வைத்தார். துடிக்கும் தமனி உடனே தெரிந்தது. அதன் ஓரத்தில் திராட்சைக் கொத்துப் போல நரம்புகள். அடியில் முதல் விலா எலும்பு, பக்கத்தில் மூச்சுக்கு மூச்சு நழுவும் வெண்கோடாக நுரையீரல் உறை. முனை தெரியாமல் ஊசியை இங்கே நகர்த்தினால் நுரையீரலில் ஓட்டைதான். “கொத்தை விடாமல் மேலே வா” என்றார். மெல்ல மெல்ல ஏறினேன். கொத்து பிரிந்தது, சாம்பலுக்குள்ளிருந்து அதே மூன்று வட்டங்கள். மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்ததும் மறைந்துவிட்டன. நரம்பின் குணம் அது, ஒலி நேராக விழாவிட்டால் முகம் காட்டாது. “சுண்டுவிரலை ஐயாவின் எலும்பில் ஊன்றிக்கொள். ஊசி பிறகு. முதலில் இந்தக் கை ஆடக் கூடாது” என்றார். ஓராண்டாக நான் ஊசி பிடிக்கும் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

முந்திக்கொள்பவர் தொண்டையைச் செருமினார். நான் நகரவில்லை.

பிற்பகலில் ஊசிப் பயிற்சி, மனிதத் தசைக்குப் பதிலாக நீல நிற ஜெல் கட்டியில். இதில்தான் எனக்குக் கோபம். காலையிலிருந்து எத்தனை பேர் குத்தினார்களோ, பழைய துளைகளில் காற்றுப் புகுந்து திரையெங்கும் வெள்ளைக் கீறல்கள். எது ஊசி, எது தழும்பு என்று பிரிக்க முடியவில்லை. புதுக் கட்டியிலோ ஊசி வெள்ளிக் கம்பியாக மின்னும். மனிதத் தசையில், அதுவும் செங்குத்தாக இறங்கும்போது, அந்த மினுக்கம் கிடையாது. பார்க்காமலேயே தள்ளும் துணிச்சலைத்தான் ஜெல் கட்டி வளர்த்துவிடுகிறது.

வளைந்த புரோப்பை வைத்து வயிற்றைப் பார்க்கும் மேசையை அவசரமாக முடித்தார்கள். நோயாளி உண்மையிலேயே வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாரா என்பது எங்களுக்கு அன்றாடக் கவலை. அதற்குப் பத்து நிமிடம் போதாது. மதிய மீகூன் நன்றாக இருந்தது.

போகலாமா என்று கேட்கும் இளையவர்களுக்கு: போங்கள். முதியவர் படுத்திருக்கும் மேசை எது என்று பார்த்து, அங்கே முதல் ஆளாக நில்லுங்கள். ஊசிப் பயிற்சிக்குப் பயிலரங்கை நம்பாதீர்கள். மறுநாளே தேக்கா சந்தையில் ஓர் ஆட்டுத் தொடை வாங்கினேன். தசைக்குள் ஒரு தசைநாரைச் செருகினால் நரம்புக்கு ஏறக்குறைய அதே தோற்றம். கைப்பேசியில் மாட்டும் புரோப் ஒன்றைத் தோழியிடம் இரவல் கேட்டேன். சமையலறை மேசையில் இரண்டு மணி நேரம், சுண்டுவிரலை எலும்பில் ஊன்றியபடி. பதினொன்றாவது முறைதான் முனையைக் கடைசிவரை தவறவிடாமல் கொண்டுபோனேன்.

கறியைக் குழம்பு வைக்கலாமா என்று அம்மா கேட்டார். ஜெல் பூசியது என்றதும், ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாரத்துக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.