‘அப்கிரேட்’ என்று பில் போட்டு, ஃபார்மேட் செய்து கொடுத்தார்கள்

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்புக்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டதால், ஐந்து ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு நான் பயன்படுத்திவந்த மடிக்கணினியை 24.04-க்கு மாற்றித் தரும்படி திருச்சியில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். நானே செய்திருக்கலாம்தான். ஆனால் பேட்டரி பழுதாகியிருந்தது. பாதியில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று பயந்தேன்.

கோப்புகளும் அமைப்புகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். “டேட்டா எதுவும் போகாது சார், ஒரு மணி நேரத்துல வந்து வாங்கிக்கங்க” என்றார் கடைக்காரர். அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். 20.04-இலிருந்து நேரே 24.04-க்குத் தாவ வழியில்லை, முதலில் 22.04-க்குப் போய், அதன் பிறகுதான் 24.04-க்குப் போக முடியும். இரண்டு கட்டங்களையும் அந்தப் பழைய கணினி ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும் என்று நம்பியது என் தவறு.

மாலையில் ‘ஓஎஸ் அப்கிரேட் 1,200, டேட்டா பேக்கப் 600’ என்று பில் தந்தார்கள். ஆவணங்களும் படங்களும் இருப்பதைத் திறந்து காட்டினார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் ஆவணங்களைத் திருத்தும் லிப்ரே ஆபீஸைத் திறந்ததும் ஊர்ப்பெயர்கள் எல்லாவற்றின் அடியிலும் சிவப்புக் கோடு. ஒவ்வொரு நூலையும் திருத்தும்போது நான் சேர்த்துவந்த சொற்களைக் கொண்ட தனி அகராதி காணாமல் போயிருந்தது. மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்ட் புதிதாகக் கணக்குத் தொடங்கச் சொன்னது. அஞ்சல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில், இறக்கியதும் அவற்றைச் சேவையகத்திலிருந்து நீக்கிவிடும்படி நான் அமைத்திருந்ததால், பதிப்பகங்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்துக்கு வேறு பிரதியும் இல்லை. தமிழ்99 விசைப்பலகை அமைப்பைக்கூட மீண்டும் செய்ய வேண்டியிருந்தது.

இவை அனைத்தும் பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவுக்குள் (ஃபோல்டர்), புள்ளியில் தொடங்கும் பெயர்கொண்ட மறைவு அடைவுகளில் இருப்பவை. கோப்பு மேலாளரில் கண்ட்ரோல், ஹெச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். கடையில் அதைச் செய்யாமல், கண்ணுக்குத் தெரிந்த நான்கைந்து அடைவுகளை மட்டும் நகலெடுத்துவிட்டு வட்டு முழுவதையும் ஃபார்மேட் செய்திருக்கிறார்கள்.

அதற்கு ஆதாரம் கணினியிலேயே இருந்தது. முறையான மேம்படுத்தல் நடந்திருந்தால் ‘வார்/லாக்/டிஸ்ட்-அப்கிரேட்’ அடைவுக்குள் அதன் பதிவுக் கோப்புகள் இருக்கும். என் கணினியில் அது காலியாகக் கிடந்தது. பக்கத்திலேயே ‘இன்ஸ்டாலர்’ என்ற அடைவு, கடையில் கொடுத்த நாளின் தேதியோடு இருந்தது. புதிதாக நிறுவியதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறுநாள் இதைக் காட்டியபோது, “அதெல்லாம் சிஸ்டம் ஃபைல் சார், உங்க டேட்டா இல்ல” என்றார். அஞ்சல் என்னுடையது இல்லையாம்! மீட்டெடுக்கவும் வழியில்லாமல் போயிற்று. எஸ்எஸ்டி வட்டில், லினக்ஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையை உருவாக்கும்போது, பழைய தரவுத் தொகுதிகள் இனி வேண்டாம் என்று வட்டுக்கே தெரிவிக்கப்படுவது வழக்கம். அதன் பிறகு மீட்பு மென்பொருளுக்கு அநேகமாக ஒன்றும் அகப்படாது. எனக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

ஆகவே கணினியைக் கடையில் கொடுக்கும் முன், ஹோம் அடைவு முழுவதையும் மறைவு அடைவுகளோடு சேர்த்து, ‘ஆர்சிங்க்’ கட்டளையால் வெளி வட்டுக்கு நீங்களே நகலெடுத்துவிடுங்கள். அந்த வட்டு எக்ஸ்ட்4 முறையில் இருப்பது முக்கியம். பென் டிரைவ்களில் வழக்கமாக உள்ள எக்ஸ்ஃபேட் முறையில், கோப்பு யாருக்கு உரியது, யார் திறக்கலாம் என்ற லினக்ஸ் விவரங்கள் நிற்பதில்லை. ஹோம் அடைவு வட்டின் தனிப் பகிர்வில் (பார்ட்டிஷன்) இருந்தால், புதிதாக நிறுவும்போதும் அதை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே இணைத்துக்கொள்ள முடியும். என்னுடையது ஒரே பகிர்வாக இருந்தது. மேம்படுத்தலா, புதிய நிறுவலா என்பதை வேலை தொடங்கும் முன்பே ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பியதால் நான் கெட்டேன்.

பேக்கப் கட்டணம் 600 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள், 1,200-ஐத் தர மறுத்துவிட்டார்கள். பில்லையும், அந்த இரண்டு அடைவுகளின் திரைப்பிடிப்புகளையும் (ஸ்கிரீன்ஷாட்) வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அகராதியை மறுபடி முதல் சொல்லிலிருந்து சேர்த்துவருகிறேன். நேற்றுவரை நாற்பது ஊர்ப்பெயர்கள் ஆகியிருக்கின்றன.