பச்சை இலை போட்ட துணி பிராண்டு: சில வருஷம் உடுத்திப் பார்த்ததுல தெரிஞ்சது

பேரு சொல்லல, நான் சொல்றதுல பாதி இந்த மாதிரி கடை எல்லாத்துக்குமே பொருந்தும். ஆன்லைன்ல மட்டும் விக்கிற பிராண்டு, வெப்சைட் பூரா பச்சை இலை, எங்க பார்த்தாலும் "சஸ்டெயினபிள்", அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காததுன்னு. டிஷர்ட், பேன்ட், ஸ்வெட்டர்னு சில வருஷமா மாத்தி மாத்திப் போட்டுட்டு இருக்கேன்.

ஆர்கானிக் காட்டன் டிஷர்ட் அருமை, அதுல குறையே இல்ல. கழுத்து இன்னும் தொளதொளன்னு ஆகல, தோள் தையல்ல ஒரு நூல் பிரியல. ஆனா அதே கடையோட ரீசைக்கிள்டு ஸ்வெட்டர் இருக்கே, அக்குளுக்குக் கீழ கை உரசுற இடத்துல ஒரே சீசன்ல உருண்டை உருண்டையா பஞ்சு திரண்டுடுச்சு. உள்ள லேபிளைத் திருப்பிப் பார்த்தா ரீசைக்கிள்டு பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் கலந்தது. ரீசைக்கிள்டுன்னா பழைய துணியில இருந்து வருதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, பெரும்பாலும் அது பிளாஸ்டிக் பாட்டில்ல இருந்து வர்றது, பாட்டிலாவே இருந்தா திரும்பவும் பாட்டிலாக்கலாம், வேற நூலோட கலந்து துணியாக்கிட்டா பிரிச்செடுக்கறது பெரும்பாடு, கடைசியில குப்பைக்குத்தான் போகும். துவைக்கும்போது நுண் பிளாஸ்டிக் இழை உதிர்றது தனிக்கதை.

அடுத்து சர்டிபிகேட். டிஷர்ட்ல ஜி.ஓ.டி.எஸ் (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்று) முத்திரை இருந்துச்சு, கூடவே லைசன்ஸ் நம்பர், அவங்க பொது டேட்டாபேஸ்ல தேடினா சரியா வந்துச்சு, சந்தோஷம். இதுலயே ரெண்டு தரம் இருக்கு, "ஆர்கானிக்"னு போட 95 சதவீதம் ஆர்கானிக் நூல் வேணும், "ஆர்கானிக் கலந்தது"ன்னு போட 70 போதும். பேன்ட்ல இருந்தது ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100. அது துணியில கெட்ட கெமிக்கல் தங்கியிருக்கான்னு பார்க்குற டெஸ்ட், நம்ம தோலுக்கு நல்லது, ஆனா தைச்சவங்களுக்கு என்ன சம்பளம்னு அதுக்கு அக்கறை இல்ல. இந்த ரெண்டு முத்திரையையும் வெப்சைட்ல ஒரே வரிசையில ஒரே சைஸ்ல அடுக்கி வச்சிருக்காங்க பாருங்க, அது எனக்குப் பிடிக்கல.

சம்பளம் பத்தி மெயில் போட்டுக் கேட்டேன். "எங்க சப்ளையர்கள் அந்தந்த நாட்டு சட்டப்படி ஊதியம் தர்றாங்க, முறையா ஆடிட் நடக்குது"ன்னு பதில். சட்டப்படி குறைஞ்சபட்சக் கூலி வேற, ஒரு குடும்பம் கௌரவமா வாழப் போதுமான கூலி வேற, நான் கேட்டது ரெண்டாவது. ஆடிட்டும், அதாவது ஃபேக்டரிக்குப் போய் நிலைமையைச் சோதிக்கறதும், அப்படித்தான், அது நடந்துச்சுன்னா எல்லாம் சரின்னு அர்த்தம் இல்ல. 2013 ஏப்ரல் 24 அன்னிக்கு வங்காளதேசத்துல துணி தைக்கிற ஃபேக்டரிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,134 பேர் செத்தாங்களே, அங்க இருந்த ஃபேக்டரிகள்ல சிலது ஆடிட் ஆனதுதான். முந்தின நாளே சுவத்துல விரிசல் தெரிஞ்சும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னாங்க, வரமாட்டேன்னு சொல்ற பலம் தொழிலாளிக்கு இல்ல. அதுக்கப்புறம்தான் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஃபேக்டரி பாதுகாப்புக்காக, சட்டப்படி கட்டுப்படுத்துற அக்கார்டுன்னு ஒரு ஒப்பந்தம் வந்துச்சு. அதனால யூனியன் இருக்கான்னும் கேட்டேன், அந்தக் கேள்வியை அப்படியே தாண்டிப் போயிட்டாங்க.

ஃபேக்டரி லிஸ்ட் போட்டிருக்காங்க, அதுக்கு ஒரு மார்க் குடுக்கலாம். ஆனா தைக்கிற இடம் மட்டும்தான் இருக்கு. சாயப்பட்டறை, நூற்பு மில்லு எதுவும் காணோம், தண்ணியும் கெமிக்கலும் அதிகமா ஓடுறதே சாயம் போடுற இடத்துலதான்.

பேன்ட் ஜிப் போனப்ப மாத்துறதுக்கு ஒரு ஜிப் கிடைக்குமான்னு கேட்டேன். கிடைக்கல, புதுசு வாங்க டிஸ்கவுன்ட் கூப்பன் வந்துச்சு! பழைய துணியைத் திருப்பிக் குடுத்தாலும் கூப்பன், வாரா வாரம் "புது கலெக்ஷன்"னு மெயில் வேற. பேன்ட்டை டெய்லர்கிட்ட குடுத்து ஜிப் மாத்திட்டேன், நல்லாவே ஓடுது.

அஞ்சுக்கு என் மார்க்: துணிக்கு நாலு, அதுவும் காட்டனுக்கு மட்டும். வெளிப்படைத்தன்மைக்கு ரெண்டு. தொழிலாளி விஷயத்துல ஒண்ணு, அதுவும் பதில் போட்ட மரியாதைக்கு. டிஷர்ட் கிழிஞ்சா திரும்ப இங்கயே வாங்குவேன், மத்த எதையும் தொடமாட்டேன்.