உப்புக்காற்றில் பைக் செயின்: கியர் ஆயிலா, ஸ்பிரேயா, மெழுகா?

மண்டபத்தில் குடியிருந்துகொண்டு தினமும் பாம்பன் பாலம் ஏறி ராமேஸ்வரம் வேலைக்குப் போய் வருகிறேன். வண்டி 150 சிசி, செயின் வெளியே தெரிகிற ரகம். சமீபத்தில் செயினும், அது சுற்றி ஓடுகிற இரண்டு ஸ்பிராக்கெட்டும் (பல்சக்கரம்) புதிதாக மாற்றியபோது, இனி இதற்கு எதைப் போடுவது என்று உட்கார்ந்து யோசித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் தேர்ந்தெடுத்தது 90 நம்பர் கியர் ஆயில். டப்பாவில் வருகிற செயின் ஸ்பிரேயை மெச்சுகிறவர்கள் இங்கே நிறைய பேர். அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் நம் கரைக்கு அது சரிப்படாது என்பதுதான் என் கட்சி.

செயின் முழுக்க கவருக்குள் ஓடுகிற வண்டி வைத்திருப்பவர்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எந்த நல்ல எண்ணெய் போட்டாலும் ஓடும். கழிவு ஆயில் மட்டும் வேண்டாம். அதில் கரியும் இரும்புத்தூளும் கலந்திருக்கும், சும்மா கிடைத்தாலும் நஷ்டம்தான். வெளியே தெரிகிற செயினில் கிரீஸ் அப்புவதும் அப்படியே. மணல் போய் ஒட்டினால் சாணைபிடிக்கும் பசை ஆகிவிடும். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது ஸ்பிரே, கியர் ஆயில், மெழுகு வகை.

ஸ்பிரேயில் கை அழுக்காகாது. அடிக்கும்போது தண்ணீராக உள்ளே இறங்கும், கொஞ்ச நேரத்தில் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி, பிசுபிசுப்பான படலமாக நின்றுவிடும். ரிம்மில் தெறிப்பது குறைவு. ஓ-ரிங் செயினுக்கென்றே (கண்ணிகளில் ரப்பர் வளையம் வைத்த செயின்) தயாரித்த ஸ்பிரே என்றால் அந்த ரப்பருக்கும் கெடுதல் இல்லை. மதுரைப் பக்கம் நாலு வழிச் சாலையிலேயே ஓட்டுகிறவராக இருந்தால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இங்கே அந்தப் பிசுபிசுப்புதான் வில்லங்கம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்ததிலிருந்து, விருந்தாளி வந்தாலே தனுஷ்கோடிக்கு ஒரு நடை வண்டியை எடுத்துவிடுகிறோம். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற மாதங்களில் அந்தச் சாலையில் மணல் குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பிரே அடித்த செயினை வீட்டுக்கு வந்து விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு களிம்பு வரும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் கரகரவென்று இருக்கும். ஸ்பிராக்கெட்டின் பல்லைத் தின்பது அதுதான்.

மணலையாவது கண்ணால் பார்க்கலாம். உப்பு தெரியாது. முடிவைத் தீர்மானித்தது இந்த உப்புதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மண்ணெண்ணெய் எண்ணெயையும் கிரீஸையும் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்பு கரைய நல்ல தண்ணீர் வேண்டும். என் மெக்கானிக் தம்பி சொன்னது: "அண்ணே, வெறும் மண்ணெண்ணெய ஊத்தித் தொடச்சா செயின் பளபளன்னு இருக்கும். உப்பு மட்டும் அப்படியே உள்ள இருக்கும்ணே." உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். துடைத்து நிறுத்திய செயினில் இரண்டு நாளில் செம்பழுப்புப் புள்ளி விழுவது இதனால்தான்.

ஆக, நம் ஊரில் எந்த எண்ணெய் அதிக நாள் நிற்கிறது என்று பார்ப்பதைவிட, எந்த எண்ணெய் சுலபமாகக் கழன்று வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஸ்பிரே படலம் இறுகிக்கொண்டால் அதற்கு அடியில் சிக்கிய உப்பைத் தண்ணீர் தொடாது. பிரஷ் வைத்து மல்லுக்கட்ட வேண்டும். அலுப்பில் பலரும் பழைய படலத்தின் மேலேயே மறுபடி அடித்துவிடுகிறார்கள். கியர் ஆயில் என்றால் மண்ணெண்ணெய் நனைத்த துணியில் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தெறித்துப் போவதால், மணலில் ஒரு பங்கும் அதோடு போய்விடுகிறது.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். இந்தப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு கரிக்கும். அதில் வாட்டர் வாஷ் செய்தால் உப்பைக் கழுவிவிட்டு உப்பையே பூசுகிற கதைதான். குடிக்கிற தண்ணீர் ஒரு செம்பு போதும். செயினை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஊற்றி, துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் மண்ணெண்ணெய். பெட்ரோல் கூடாது, ஓ-ரிங் கெட்டுப்போகும். கம்பி பிரஷும் ஆகாது. அந்த வளையங்கள்தான் கம்பெனியில் வைத்து அடைத்த கிரீஸை உள்ளே பிடித்து வைத்திருக்கின்றன. வளையம் கிழிந்துவிட்டால் மேலே எதை ஊற்றியும் பயன் இல்லை.

கியர் ஆயிலின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. தெறிக்கும். பின் ரிம் கருக்கும். கந்தக வாடை அடிக்கும். அடிக்கடி போட வேண்டும்: மற்ற ஊரில் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்றால், இங்கே வாரா வாரம் செயினைப் பார்ப்பது நல்லது, தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே. ஆனால் ஒரு நடுத்தர ஸ்பிரே டப்பாவின் விலையில் ஏறக்குறைய ஒரு லிட்டர் கியர் ஆயில் வந்துவிடுவதால், அடிக்கடி போட மனம் கணக்குப் பார்க்காது. சில கம்பெனிகளின் கையேட்டிலேயே, செயினுக்கென்றே விற்கிற எண்ணெய் (செயின் லூப்) கிடைக்காவிட்டால் 80 அல்லது 90 கியர் ஆயில் போடலாம் என்று இருக்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டை ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

போடுகிற விதத்தில் பாதித் தெறிப்பைக் குறைக்கலாம். ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது, எஞ்சினை அணைத்து, பெரிய ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, கீழ்ச்செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கியரில் போட்டு எஞ்சினால் சுழலவிடுவது விரலுக்கு ஆபத்து. இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் வெளிப்பக்க எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள். தெறிப்பதில் பெரும்பகுதி அந்த மேலெண்ணெய்தான். டயரில் ஒரு சொட்டு விழுந்தாலும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

மெழுகு வகையைப் பற்றி அடித்துச் சொல்ல என்னிடம் அனுபவம் போதாது. கச்சான் காலத்தில் மட்டும் போட்டு ஓட்டினேன். மணல் ஒட்டாமல் இருப்பதில் மூன்றில் அதுதான் முதல், செயின் தொட்டால் உலர்ந்தே இருந்தது. துருவைத் தடுப்பதில் கியர் ஆயில் அளவுக்கு இல்லை என்றே எனக்குப் பட்டது. பக்கத் தகடுகளின் ஓரம் சீக்கிரம் நிறம் மாறியது. வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டிப் பார்க்காமல் அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்நாட்டில், பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கம் புழுதியில் ஓட்டுகிறவர்கள் முயன்று பார்க்கலாம். அங்கே புழுதிதான் தொல்லை, உப்பு இல்லை.