கால்வாய்க் குறிப்புகளுக்கு எந்தச் செயலி? சந்தாவோடு ஓர் அலசல்

குமரி மாவட்டத்தின் பாசனத்தைக் கைபேசியில் குறித்துவைக்க முயல்பவருக்குச் சாதாரணக் குறிப்புச் செயலி சீக்கிரமே போதாமல் போய்விடும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் புத்தன் அணைக்கு வருகிறது. அதற்குக் கீழே தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில் நாடு புத்தனாறு என்று பெயர்கள் நீள்கின்றன. கால்வாய்க்குக் கிளை, கிளைக்குக் குளம், குளத்துக்கு மடை, மடைக்குக் கீழே ஏலா, அதாவது வயல்பரப்பு. வேண்டாத கிளையை மடக்கிவைத்து, வேண்டிய குளத்தை மட்டும் விரித்துப் பார்க்க வேண்டும். கூகுள் கீப் பட்டியலில் ஒரு படிதான் உள்ளே தள்ள முடியும். ஆகவே அது ஆட்டத்தில் இல்லை. ஆம்னிஅவுட்லைனர் நேர்த்தியானது, ஆனால் ஆப்பிள் கருவிகளுக்கு மட்டுமே. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் அதையும் கடந்து போகலாம்.

மிஞ்சுபவற்றில் ஒர்க்ஃப்ளோயி, டைனலிஸ்ட், ஆர்க்ஸ்லி மூன்றையும்தான் உண்மையாக எடைபோட வேண்டியிருக்கிறது.

ஒர்க்ஃப்ளோயி 2010இல் வந்தது. திறந்தால் வெற்றுப் பக்கமும் ஒரு புள்ளியும்தான். எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அதுவே முழுப் பக்கமாக விரியும். வயல் வரப்பில் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்ய இதைவிட எளிய செயலி கிடையாது. சிக்கல் இலவசக் கணக்கில் இருக்கிறது. மாதத்துக்கு 250 வரி என்பது அவர்கள் நெடுங்காலம் வைத்திருந்த வரம்பு. வீட்டு மளிகைப் பட்டியலுக்கு அது தாராளம். குளம், மடை, நிறைந்த குளத்தின் உபரி நீர் வழியும் மறுகால், கன்னிப்பூ, கும்பப்பூ என்ற நெல் சாகுபடிப் பருவங்கள் என்று ஒரு கால்வாயைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மாதத்தின் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும்.

டைனலிஸ்டில் அந்தக் கவலை இல்லை. இலவசக் கணக்கிலேயே வரிகளுக்கும் ஆவணங்களுக்கும் வரம்பு கிடையாது. படம், கோப்பு இணைப்பது, கூகுள் காலண்டருடன் ஒத்திசைப்பது போன்றவற்றுக்குத்தான் காசு. மதகின் படத்தைக் கைபேசியின் படத்தொகுப்பில் வைத்துக்கொண்டு, படத்தின் எண்ணை மட்டும் குறிப்பில் எழுதிவிட்டால் அந்தக் காசும் மிச்சம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒர்க்ஃப்ளோயியை எளிதில் தள்ளிவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. நம் பாசனம் உண்மையில் மரம் அல்ல. ஒரு குளத்தின் மறுகால் இன்னொரு குளத்தில் விழுகிறது. அந்த இரண்டாவது குளத்துக்கு வேறொரு கால்வாயிலிருந்தும் தண்ணீர் வருகிறது. அப்படியானால் அதை எந்தக் கிளையின் கீழ் எழுதுவது? ஒர்க்ஃப்ளோயியில் ஒரே வரியைப் பிரதிபலிப்பாக இரண்டு இடங்களில் வைக்கலாம். ஓர் இடத்தில் திருத்தினால் மற்ற இடத்திலும் அது மாறிவிடும். டைனலிஸ்டில் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு இணைப்புதான் கொடுக்க முடியும். தொட்டால் அங்கே கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். குளங்களின் உறவை ஆராய்பவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியது அல்ல. பெயர்ப் பட்டியல் எடுப்பவர்களுக்கு இணைப்பே போதும்.

ஆர்க்ஸ்லி வேறு ரகம். கட்டணமே இல்லை, கட்டற்ற மென்பொருள். குறிப்புகளை எழுத்துக் கோப்புகளாக நம் கைபேசியிலேயே வைத்துக்கொள்ளலாம். மூலச் செயலியின் வளர்ச்சி தேங்கியபோது ஆர்வலர்கள் அதை ஆர்க்ஸ்லி ரிவைவ்ட் என்ற பெயரில் எடுத்து நடத்துகிறார்கள். வரிகளை இடம் மாற்றுவதும் உள்ளே தள்ளுவதும் மற்ற இரண்டைப் போல வழுக்கிக்கொண்டு நடக்காது, பழக வேண்டும். ஆனால் கோதையாறு மலைப்பக்கம் சிக்னல் போன பிறகு, "ஒத்திசைந்ததா, இல்லையா" என்ற பதற்றம் இல்லாமல் எழுதலாம். மற்ற இரண்டும் இணையம் இல்லாமல் இயங்கும்தான். இரண்டு கருவிகளில் மாறி மாறித் திருத்துபவர்கள் மட்டும் புறப்படும் முன் ஒருமுறை வீட்டு வைஃபையில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனிப் பணம். டைனலிஸ்ட் ப்ரோ ஆண்டுச் சந்தாவில் மாதம் 7.99 டாலர். டாலர் 85 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,150 ரூபாய். ஒர்க்ஃப்ளோயியின் ஆண்டுச் சந்தா பல ஆண்டுகள் 49 டாலராக இருந்தது. அந்த விலையிலேயே வைத்தாலும் 4,165 ரூபாய். கிரெடிட் கார்டில் கொடுத்தால் அந்நியச் செலாவணிக் கட்டணம் சேரும். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேரலாம். ஐந்தாண்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒரு நல்ல கைபேசியின் விலை வந்துவிடும். சந்தா தானாகக் கழிவதிலும் ஒரு விஷயம் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ஒவ்வொரு முறையும் நம் ஒப்புதல் வேண்டும். இந்தச் செயலிகள் அந்த வரம்புக்குள்தான் வரும். அதாவது அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காவிட்டால் பணம் போய்விடும். பிளே ஸ்டோர் வழியாக யுபிஐ ஆட்டோபேயில் கட்ட முடிந்தால், தேவையில்லாதபோது நிறுத்தவும் வசதி.

நிறுவனம் என்ன மனநிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டைனலிஸ்டை உருவாக்கியவர்களே 2020இல் ஒப்சிடியன் என்ற இன்னொரு குறிப்புச் செயலியைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கவனம் இப்போது அங்கேதான். டைனலிஸ்ட் ஓடுகிறது, வளரவில்லை. வளராத செயலிக்கு 8,000 ரூபாய் கொடுப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. இலவசமாக வைத்துக்கொள்ள அதைவிட நல்லது இல்லை.

தமிழில் தேடும்போது ஒன்று கவனிக்க வேண்டும். "குளம்" என்று தேடினால் "குளத்தில்" என்று எழுதிய வரிகள் அகப்படாது. "குள" என்று மட்டும் தட்டினால் இரண்டும் வரும்.

என் தேர்வு டைனலிஸ்டின் இலவசக் கணக்கு. மாதம் ஒருமுறை கணினியில் திறந்து எல்லாவற்றையும் ஓ.பி.எம்.எல். என்ற, படிப்படியான பட்டியல்களுக்கான பொதுவடிவக் கோப்பாக இறக்கி வைத்தால் போதும். அந்தக் கோப்பை ஒர்க்ஃப்ளோயியும் ஏற்கும். மறுகால் உறவுகளை விரிவாக எழுத வேண்டிய கட்டம் வந்தால், ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒர்க்ஃப்ளோயிக்குச் சந்தா கட்டி, வேலை முடிந்ததும் நிறுத்திவிடலாம்.