14,500 ரூபாய்க்கு என் காரின் லைட்டுக்கு ஆவி பிடித்த கதை

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கார் வைத்திருக்கிற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கள். "வீட்டுக்கே வந்து ஹெட்லைட்டைப் புதிதாக்கித் தருகிறோம்" என்று ஒரு விளம்பரம் உங்கள் போனிலும் ஓடிக்கொண்டிருக்கும். என்னிடம் 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனவர்கள் அப்படி வந்தவர்கள்தான். பெயர் போடவில்லை. போட்டால் அடுத்த கிழமை வேறு பெயரில் வருவார்கள்.

கார் 2010ஆம் ஆண்டு ஓல்டோ. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு மாற்றுகிற யோசனை போய்விட்டது. 2025இல் திரும்ப விட்ட பிறகு விலையைக் கேட்டேன், வந்து இருக்கிற காரைக் கழுவினேன். வீடு கல்லடியில், கடலுக்குக் கிட்ட. கார் வளவில்தான் நிற்கும், மேலே கூரை இல்லை. வெயில் ஒரு பக்கம், கச்சான் காற்றில் வருகிற மணல் ஒரு பக்கம். லென்ஸ் இரண்டும் பூசணிப்பூ நிறத்துக்கு வந்துவிட்டன. பகலில் பார்த்தால் அது வெறும் அழகுக் குறை. ஆனால் எனக்கு வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். மண்முனைப் பாலம் தாண்டி கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருட்டினால், வீதியில் நிற்பது மாடா யானையா என்று கிட்டப் போய்த்தான் தெரியும் என்கிற நிலை. அதனால்தான் அந்த விளம்பரத்துக்குக் கோல் எடுத்தேன்.

வந்தது ஒரு பெடியன். இருபத்தைந்து வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "சேர், உங்களிட்ட எங்கட அண்ணன் படிச்சவர்" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருஷம் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தோம். மனைவி "சாப்பிட்டுட்டுப் போ மனே" என்று சோறும் போட்டா. கணவாய்க் கறி வேறு.

வேலை நாற்பது நிமிஷம்கூட இல்லை. லென்ஸில் வோட்டர் பேப்பரை, அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளை, இரண்டு இழுவை இழுத்தான். பிறகு கெண்டி மாதிரி மூக்கு வைத்த ஒரு எவர்சில்வர் கோப்பையை வெளியே எடுத்தான். அதற்குள் ஏதோ ஊற்றி, கார் பெட்டரியில் கொடுத்துச் சூடாக்கினான். மூக்கால் வெள்ளை ஆவி வந்தது. அதை லென்ஸில் மேலும் கீழுமாகப் பிடித்தான். பாதியை டேப் போட்டு மறைத்து வைத்திருந்தான். டேப்பை உரித்துக் காட்டியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் கண்ணாடி. மனைவி கை தட்டினா. அவன் அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

எனக்கு ஆற்ற முடியாத கோபம் எதில் என்றால், அந்த மணத்தில். இனிப்பாக, மூக்கில் ஏறுகிற மணம். முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். குளோரோஃபார்ம் சாதிக் கரைப்பான் என்று எனக்கு அப்போதே பட்டது. பிளாஸ்டிக்கில் கரைப்பானைப் பிடித்தால் மேற்பரப்பு இளகும், கீறல் நிரவும், பளபளக்கும், அவ்வளவுதான் என்று ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற நான், வாயை மூடிக்கொண்டு நின்றேன். "சேர்" என்று கூப்பிட்டுவிட்டானே.

"ரெண்டு வருஷம் கரண்டி சேர், ஜேர்மன் கோட்டிங்" என்றான், உத்தரவாதத்தைத்தான் அப்படிச் சொன்னான். 14,500 ரூபாயைக் காசாகவே கொடுத்தேன். பில் கேட்டதற்கு, போனுக்கு அனுப்புகிறேன் என்றான். அந்தப் பில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. "கரண்டி எங்கட குசினிக்குள்ளதான் கிடக்கு" என்று மனைவி இப்போது தினமும் சொல்கிறா.

நான்காம் கிழமை வலது லென்ஸில் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள். வண்டு கீறியதோ என்று துடைத்தேன், போகவில்லை. ஆறாம் கிழமை இரண்டு பக்கமும் கோடையில் காய்ந்த குளத்துச் சேறுபோல வெடித்திருந்தன. எட்டாம் கிழமை மஞ்சள் திரும்ப எட்டிப் பார்த்தது.

கோல் எடுத்தேன். முதல் தடவை: "ஷாம்பு போட்டுக் கழுவினீங்களா சேர்? அதுதான்." கழுவத்தானே கார்? இரண்டாம் தடவை: "வெயில்ல விட்டிருப்பீங்க." வெயிலுக்கு நிற்காத கோட்டிங்குக்கா 14,500 ரூபாய்? மூன்றாம் தடவை கடல் காற்றில் பிழை. நான்காம் தடவை, பெரியவர் கொழும்புக்குப் போயிருக்கிறார், மறுகா எடுங்க. பிறகு செய்தி போனது, நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. பிறகு என் இலக்கத்தையே அடைத்துவிட்டான். மனைவியின் போனில் இருந்து எடுத்தால், "வணக்கம் மெடம், எந்த மொடல் கார்?" என்று தேன் ஒழுகுகிறது! விளம்பரத்தில் இருந்த முகவரிக்கும் போய்ப் பார்த்தேன். போனுக்கு ரீலோட் போடுகிற கடை. அவருக்கு ஒன்றும் தெரியாது. நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அடிக்கச் சொன்னான் மருமகன். கையில் பில்லும் இல்லை, பெடியனின் முழுப் பெயரும் தெரியாது. நான் என்னத்தை என்று சொல்ல?

கடைசியில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பாஸ் (மேஸ்திரி) ஒருவரிடம் கொண்டுபோனேன். முதலில் அவரிடமே போயிருக்க வேண்டும். போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆவி பிடிச்சிருக்கா?"

அவர் சொன்னதை வைத்துத்தான் மிச்சத்தை எழுதுகிறேன். இந்த லென்ஸ் கண்ணாடி அல்ல, பொலிகார்பனேட். அதன் மேலே வெயிலைத் தாங்குவதற்குக் கம்பனியில் ஒரு கடினப் பூச்சு அடித்துத்தான் விடுகிறார்கள். மஞ்சளாவது அந்தப் பூச்சு செத்த பிறகுதான். மஞ்சள் மட்டும் என்றால் காப்பாற்றலாம். பழைய பூச்சை முழுதாக எடுக்க வேண்டும்: 600ஆம் இலக்க வோட்டர் பேப்பரில் தொடங்கி, வரவர நைசாக 1000, 1500, 2000, 3000 என்று, தண்ணீர் விட்டு விட்டு. முதலில் ஓடுகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும், பால் நிறமாக வந்தால்தான் பூச்சு போயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு பொலிஷ். கடைசியில் யூவி, அதாவது வெயிலின் புற ஊதாக் கதிர், தாங்குகிற கிளியர் என்கிற நிறமில்லாத மேற்பூச்சை, இறுக வைக்கிற ஹார்ட்னர் கலந்து அடிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சள்தான். பற்பசை தேய்க்கிற வைத்தியமும் அதனால்தான் நிற்பதில்லை.

மணல் கொத்திய புள்ளிகள் ஆழமில்லாவிட்டால் தேய்த்து எடுக்கலாம். உள்ளே நீர் கோர்த்திருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தும் பிரயோசனமில்லை, அது சீல் பிரச்சினை. என்னுடையது மாதிரி வெடிப்பு என்றால், மேலோட்டமாக இருந்தால் மட்டும் தப்பும். ஆவி கீறலை அகற்றுவதில்லை, உருக்கி மூடுகிறது. பிளாஸ்டிக்குக்குள் இருக்கிற இறுக்கம் பிறகு வெடிப்பாக வெளியே வருகிறது. என் இடது லென்ஸை ஓரளவு தேற்றலாமாம், வலதை மாற்றத்தான் வேண்டுமாம். பார்த்ததற்கு அவர் காசு வாங்கவில்லை. வோட் கூடிய பல்ப் போட்டிருக்கிறேனா என்று மட்டும் கேட்டார், அந்தச் சூடும் லென்ஸைக் கெடுக்குமாம்.

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆவிக் கோப்பையைக் கண்டால் கேட்டை மூடுங்கள், அந்தப் புகை வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கூடாது. தின்னர், பெட்ரோல், நுளம்பு மருந்து எதையும் லென்ஸில் படவிடாதீர்கள். கிளியர் அடிப்பாயா என்று கேளுங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். 14,500 ரூபாய் எனக்கு ஒரு மூட்டை உரக் காசுக்கு மேல்.

இன்று காலை அந்த விளம்பரம் திரும்ப வந்தது. புதுப் படம் போட்டிருக்கிறார்கள்: பாதி மஞ்சள், பாதி பளிங்கு, பொனட் ஓரத்தில் பிள்ளையார் ஸ்டிக்கர், பக்கத்தில் எங்கள் செவ்வரத்தை மரம். அதைப் பார்த்துக் கோல் எடுக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், அது முதல் நாள் எடுத்த படம். இன்றைய படத்தைக் கீழே நான் போட்டிருக்கிறேன்.