கோதிக் பேராலயம்: மூன்று எட்சிங், மூன்று கைகள்

கோதிக் பேராலயத்தை, அதாவது இடைக்கால ஐரோப்பியப் பாணியில் எழுந்த பெரிய தேவாலயத்தை, எட்சிங் என்ற அச்சுப்படத்தில் பார்க்க எங்கே தொடங்கலாம்? என் தேர்வு மூன்று: ஹோலரின் ஆண்ட்வெர்ப் பேராலயம் (1649), மெரியோனின் பாரிஸ் நோத்ருதாம் (1854), என்சாரின் ‘பேராலயம்’ (1886). மூன்றுக்கும் செய்முறை ஒன்றுதான். உலோகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரிக்க, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அச்செடுப்பார்கள். அதிக நேரம் அரிபட்ட கோடு அச்சில் அதிகக் கறுப்பாக விழும்.

ஹோலர் எதையும் விடாதவர். 123 மீட்டர் கோபுரம் ஒருபக்கம், பாதியில் நின்றுபோன அதன் ஜோடி மறுபக்கம், இரண்டையும் உள்ளபடியே காட்டுகிறார். 1666 தீயில் அழிந்த லண்டனின் பழைய செயின்ட் பால் ஆலயத்தை இன்று நாம் கண்முன் கொண்டுவர முடிவதும் பெரும்பாலும் அவர் தகடுகளால்தான். ஆனால் அவர் வெளிச்சம் எங்கும் ஒரே சீராகப் பரவுவதால் கல்லின் கனம் தெரிவதில்லை.

என்சார் நேர் எதிர். கோடுகள் நடுங்குகின்றன, சுவர் கரைந்துவிடும் போலிருக்கிறது. கண் கீழே நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கே போகிறது. அற்புதமான படம், ஆனால் ஆலயத்தைப் பார்க்க வந்தவருக்கு இது இரண்டாவதாக இருக்கட்டும்.

அப்புறம் மெரியோன். கடற்படை அதிகாரியாக இருந்தவர். நிறக்குருடு என்பதால் வண்ணத்தை விட்டு எட்சிங்குக்கு வந்தார். எல்லோரும் முன்வாசலில் நின்று வரையும் நோத்ருதாமை இவர் ஆற்றுக்கு இக்கரையிலிருந்து, பின்புறமாகப் பார்க்கிறார். பீடத்துக்குப் பின்னே வளையும் சுவர், அதைத் தாங்க வெளியே சாயும் கல் வளைவுகள், அவற்றுக்கிடையே நிழல். கோதிக் கட்டடம் எப்படி நிற்கிறது என்பது முன்வாசலைவிட இங்கேதான் புரியும். கூரை நடுவே ஊசிக்கோபுரம் இல்லை, அது பிழையல்ல. பழையதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறக்கிவிட்டார்கள், புதியது 1859இல்தான் எழுந்தது. 2019 ஏப்ரல் 15 அன்று நெருப்பில் சரிந்தது அந்தப் புதியதுதான். அந்த இரவுக்குப் பிறகு இந்தப் படத்தின் வெறுங்கூரையை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

முதலில் பார்க்க ஒன்றே ஒன்று என்றால் மெரியோன்தான். திரையில் பார்த்தால் பெரிதாக்கி, பாலத்து வளைவுக்குள் உறைந்திருக்கும் கறுப்பிலிருந்து மெல்ல மேலே போங்கள்.